உம்பான் காக்கா

சிரிக்கத் தயாராக இருங்கள். சதாசிவம் மாமாவை நான் முட்டாளாக்கிய கதை இது. சிரிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் இப்போது இல்லை. முதலில் கூண்டைப் பார்த்துவிட்டு வருவோம்.

மலேசியாவில், ரெங்கத்தில் என் அத்தை வெள்ளையம்மாவுக்குப் பப்பாளித் தோட்டம் இருக்கிறது. மாமாவுக்கு? அத்தை இருக்கிறார். அவ்வளவுதான் அவர் சொத்து.

பழம் மஞ்சள் கட்டினால் போதும், காக்காய்க்கு மூக்கில் வேர்த்துவிடும். கொத்து விழுந்த பழத்தைச் சிங்கப்பூர் வியாபாரி தொட மாட்டான். அதனால் தோட்டத்து நடுவில் ஒரு கம்பிக் கூண்டு. உள்ளே ஒரு காக்கா. அதற்குப் பெயர் உம்பான், மலாயில் இரை. தூண்டிலில் புழு மாதிரி. அதைப் பார்த்துவிட்டு 'யாரோ நம்மாளு' என்று இறங்குகிற காக்காயெல்லாம் உள்ளே மாட்டும். பிறகு சாக்கு. சாக்குக்குப் பிறகு என்ன என்று கேட்காதீர்கள், நீங்கள் சிரிக்க வந்தவர்கள்.

அந்த உம்பானுக்கு மாமா செய்த உபசாரம் இருக்கிறதே! சோறு, மீன், தண்ணீர், வெயிலுக்குப் பழைய குடை.

"என்ன மாமா, உங்க மாமியாரா அது?"

"உம்பானுக்கு வயிறாரப் போடணும்டா தீபன். அப்பதான் நல்லாக் கத்தும்."

அது கத்தியதே இல்லை. கத்தியதெல்லாம் அத்தைதான்.

"ஒரு மாசமா திங்குது, ஒரு 'கா' உண்டா? ஊமைச் சனியன்! நாளைக்கு உங்கம்மா திதி முடியட்டும். மறுநாளே இதைச் சாக்குல போட்டு முடிச்சிட்டு, கத்துறதா ஒண்ணு விடுங்க!"

மாமா கையிலிருந்த மீன் துண்டு கீழே விழுந்தது.

"பழத்துக்குப் பேப்பர் சுத்திப் பாக்கலாமே..."

"யாரு, நீங்க சுத்துவீங்களா?"

மாமா குனிந்து மீன் துண்டைப் பொறுக்கினார். இந்தத் தோட்டத்தில் இரண்டு ஊமை என்று நினைத்துக்கொண்டேன்.

விடுமுறைக்கு ஜொகூர் பாருவிலிருந்து வந்தவன் நான். ஹெட்மாஸ்டர், பஸ் டிரைவர், பக்கத்து வீட்டு நாய், எந்தக் குரல் வேண்டும்? எல்லாம் கைவசம். கொட்டகைக்குப் பின்னாலிருந்து அத்தை குரலில் ஒன்று விட்டேன்.

"ஏங்க! இங்க வாங்க!"

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்த மாமா, என்னைப் பார்த்து நின்றார்.

"அலமாக்! அச்சு அசலா உங்க அத்தைடா! எங்கம்மா குரலும் பேசுவியா?"

"நான் கேட்டதே இல்லையே மாமா."

"உங்க அத்தையே கேட்டதில்ல. எனக்குப் பத்து வயசுல போயிட்டாங்க. குரல் கரகரன்னு இருக்கும். என்னை 'ராசா'ன்னு கூப்பிடுவாங்க..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மாட்டினார் மாமா! குளியலறையில் பத்து வாளித் தண்ணீர் தீரும்வரை "ராசா, ராசா" என்று பழகினேன்.

மறுநாள் திதி. வாழையிலையில் சோறு, வடை, பாயசம். அத்தை அதைக் கோழிக் கொட்டகைக் கூரைமேல் வைத்துவிட்டு, "கா... கா... கா..." என்றார். குரலில் தேன் ஒழுகியது. நேற்றுவரை சாக்கு பிடித்த கை. எந்தக் காக்கா வரும்? பக்கத்துச் செம்பனை மரத்து மட்டையில் வரிசையாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. ரெங்கத்துக் காக்கா முட்டாள் இல்லை லா.

"காக்கா எடுக்காம இந்த வீட்டுல யாருக்கும் ஒரு வாய் கிடையாது!" என்றார் அத்தை.

நேரம் போனது. பாயசம் ஆறியது. அத்தை வயிறே 'கா கா' என்று கத்த ஆரம்பித்துவிட்டது.

மாமா தலையைச் சொறிந்தார். "வெள்ளையம்மா... கூண்டுல இருக்கிறதும் காக்காதானே?"

பசி வந்தால் பக்திக்கும் புத்தி வரும். இலை கூண்டுக்குள் போனது. உம்பான் ஒரே பாய்ச்சலில் சோற்றைக் கொத்தியது.

"அத்தே! சாப்பிட வந்துட்டீங்களா!" மாமியாரே வந்துவிட்டதாக அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் தொண்டையைச் சரிசெய்தேன். கரகரவென்று விட்டேன்.

"ராசா... சோறு நல்லாருக்குடா. பெத்தவளைக் கூண்டுல வச்சா சோறு போடுவே?"

மாமா பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரிய மனுஷன், காக்காய்க்கு அழுகிறார்! எனக்கு வாய் நிற்கவில்லை.

"மருமகளே... வடையில உப்பு கம்மி. நாளைக்கு என்னைச் சாக்குல போடப் போறியாமே?"

"ஐயோ அத்தே! ஏங்க, கூண்டைத் தொறங்க!"

"பப்பாளி, வெள்ளையம்மா..." என்று கையை எடுக்காமலே முனகினார் மாமா.

"பப்பாளி கிடக்குது! பேப்பர் சுத்திக்கலாம், தொறங்கன்னா!"

அத்தையே தாழ்ப்பாளைப் பிடுங்கினார். உம்பான் வெளியே வந்தது. வடையைக் கவ்வியது. பறந்தது. "கூண்டையே பிரிச்சுப் போடுங்க!" என்று அலறிக்கொண்டு அத்தை சாமி அறைக்கு ஓடினார்.

நான் தொட்டிக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டேன். தலைக்கு மேலே நிழல் விழுந்தது. மாமா. கண்ணெல்லாம் தண்ணீர், கையில் இரண்டு வடை.

"என்ன மாமா, அழறீங்க?" என்றேன் பச்சைப்பிள்ளை மாதிரி.

"நல்லாக் கத்தினடா."

"யா... யாரு?"

"எங்கம்மா பிறவி ஊமைடா. பொண்ணு பாக்கப் போனப்ப அதை எங்க வீட்டுல மறைச்சிட்டாங்க. உங்க அத்தைக்கு இன்னும் தெரியாது."

"அப்ப கரகரன்னு... ராசான்னு..."

மாமா வடையை என் கையில் வைத்தார். அவர் அழவில்லை. அடக்கி அடக்கிச் சிரித்துத்தான் அவ்வளவு தண்ணீர்.

"சாப்பிடுடா. உம்பானுக்கு வயிறாரப் போடணும்."