ஆயிரத்து இருநூறுக்கு ஒரு குழாய்

"எதிர்க்கடையில ஆயிரத்து எழுநூத்தம்பது சொல்றான். நீங்க வெறும் அம்பது குறைச்சு ஆயிரத்து எழுநூறுங்கிறீங்க. அம்பதுக்காகவா நான் ரோட்டைத் தாண்டி வந்தேன்?"

கணவர் அந்தச் சமையலறைக் குழாயைக் கையில் எடுத்து, திருப்பி, தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மேஜைமேல் வைத்தார். ஒரே தெருவில் நான்கு ஹார்டுவேர் கடைகள். நான்கிலும் இவருக்கு ஒரே பெயர்தான்: 'சும்மா கேட்டேன்'. விலை கேட்பார், அடுத்த கடை விலையைச் சொல்லிக் காட்டுவார், "சும்மா கேட்டேன்" என்று படியிறங்கிப் போய்விடுவார். அவர் தலை தெரிந்தாலே சிப்பந்திகள் குடோனுக்குள் புகுந்துகொள்வார்கள்.

இந்தக் குழாய் ஆராய்ச்சி தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. வீட்டுச் சிங்க் குழாய் கழுத்தோடு விரிசல் விட்டு, அதில் ஒரு பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். திறந்தால் பாத்திரத்தில் விழும் தண்ணீரைவிட மனைவியின் முகத்தில் விழும் தண்ணீர்தான் அதிகம். குளியலறையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து பாத்திரம் கழுவியதில் அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவள் சொன்னாள்: "என்னங்க, பிளம்பர் நம்ம வீட்டு வாசல்ல காத்துக்கிட்டு இருக்கார். இன்னிக்கு விட்டா, புதுக் கட்டட வேலைக்குப் போயிடுவாராம். அப்புறம் அவரைப் பிடிக்கவே முடியாது."

"அவசரப்பட்டா தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க. ஏசி போட்ட கடையில இதே குழாய் ஆயிரத்து எண்ணூறு. அவனோட கரண்ட் பில்லை நான் எதுக்குக் கட்டணும்? மூலைக்கடைக்காரன் டீ வாங்கிக் குடுத்துட்டு ஆயிரத்து எழுநூத்தி எண்பதுன்னான். டீக்காசும் அதுல சேர்த்திதான்."

"சரி, உங்க கணக்குல இதோட விலைதான் என்ன?"

"அதைத்தானே மூணு வாரமா சொல்லிட்டிருக்கேன். ஆயிரத்து இருநூறு. அதுக்கு மேல ஒரு பைசா குடுக்க மாட்டேன்."

மனைவி பெருமூச்சு விட்டு எழுந்தாள். "அப்ப வாங்க, போகலாம். இவர் முகத்தைப் பார்த்தாலே தெரியுது, இறங்குற ஆள் இல்ல. உங்களால இவர்கிட்ட முடியாது."

மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கா முடியாது? நீ உக்காரு!" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "இங்க பாருங்க, ஒரே பேச்சு. ஆயிரத்து இருநூறு."

கடைக்காரர் நெஞ்சில் கைவைத்தார். "சார், எனக்கு அடக்க விலையே அதுக்கு மேல ஆகுது. நானும் பிள்ளைகுட்டிக்காரன் சார்."

"எல்லாரும்தான் பிள்ளைகுட்டிக்காரங்க."

"ஆயிரத்து அறுநூறு குடுங்க."

"ஆயிரத்து இருநூறு."

"ஆயிரத்து நானூறு. இதுதான் கடைசி."

"வா, கிளம்பலாம்," என்று கணவர் படியிறங்கினார்.

"சார், சார்! வாங்க, எடுத்துட்டுப் போங்க. இப்படிப் பேரம் பேசுற ஆளை என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல!"

கணவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அவ்வளவு பெருமையாக அவளைப் பார்த்ததில்லை. அடுத்த நொடியே அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"இவ்ளோ சீக்கிரம் இறங்கிட்டீங்களே... ஆயிரத்து நூறு கேட்டிருக்கணுமோ?"

"அதெல்லாம் நடக்காது சார்," என்றார் கடைக்காரர் அவசரமாக. "ஆயிரத்து இருநூறுதான். அதுல மாத்தமே கிடையாது."

ஒரு வழியாகப் பில் போட்டாயிற்று. மனைவி குழாயைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். இன்றைக்குச் சமையலறையில் நின்றபடியே பாத்திரம் கழுவலாம் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை சந்தோஷம்.

ஆனால் கணவர் நகரவில்லை. செல்போனில் எதையோ தட்டிக்கொண்டே நின்றார்.

"என்னங்க, பிளம்பர் போயிடப் போறார்."

"இரு, இரு. நம்ம அடுக்குமாடிக் குழுவுல இந்த விலையைப் போட்டேன். பதினொரு வீட்டுக்காரங்க எங்களுக்கும் வேணும்னு பிடிச்சுக்கிட்டாங்க. இதே விலைக்கு வாங்கித் தர்றேன்னு வாக்கும் குடுத்துட்டேன்." அவர் கடைக்காரரிடம் கையை உயர்த்தினார். "இதே குழாய், இதே விலை, இன்னும் பதினொண்ணு!"

மனைவி மடியிலிருந்த குழாயை இறுக்கிப் பிடித்தாள்.

"தாராளமா சார்! குடோன்ல பெட்டி பெட்டியா இருக்கு. நீங்களே போய்ப் பார்த்து எடுங்க," என்றார் கடைக்காரர்.

கணவர் மீசையைத் தடவியபடி உள்ளே போனதும், கடைக்காரர் ஸ்டூலருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, நேத்து நீங்க தனியா வந்து, இந்த ஒரு குழாய்க்கு மிச்சம் ஐநூறைக் கையில குடுத்துட்டுப் போனீங்க. அந்தப் பதினொண்ணுக்கும் நீங்களே குடுத்துடுறீங்களா, இல்ல... சார்கிட்டயே வாங்கிக்கட்டுமா?"