காலி வாளி

"இன்று முதல் இந்த அறையிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் காம்புகூட வெளியே போகாது என்பதைச் சகலருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்."

நம்பிராஜன் இப்படி அறிவித்தபோது அங்கே சகலர் என்று இருந்தது பக்கத்து அறை மணிகண்டபிரபு மட்டும்தான். அவனும் பெருங்காயம் இரவல் கேட்க வந்தவன்.

இருவருக்கும் தெற்குப் பக்கம் ஊர். ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை. சுங்குவார்சத்திரத்தில் லீலாவின் வீட்டுக்குப் பின்னால் அவள் வாடகைக்கு விட்ட அடுத்தடுத்த அறைகளில் தனித்தனியாகப் பொங்கித் தின்றார்கள். நம்பிராஜன் லைன் லீடர். வேலையில் விரயத்தை ஒழிப்பது எப்படி என்று கம்பெனியில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்கள் அதில் கொடுத்த சமோசாவோடு திரும்பிவிட்டார்கள். நம்பிராஜன் மட்டும் ஞானத்தோடு திரும்பினான்.

ஞானத்துக்கு இன்னொரு காரணம் மாடியில் இருந்தது. லீலாவின் மாடிப் போர்ஷன் கார்த்திகைக் கடைசியில் காலியாகிறது. தனிக் குழாய், தனிக் குளியலறை. தை மாதம் நம்பிராஜனுக்குக் கல்யாணம். ஏழு பேர் துண்டோடு வரிசையில் நிற்கும் குளியலறைக்கு என் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று வருங்கால மாமனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவை அழைத்து வந்து வைத்துக்கொள்ள மணிகண்டபிரபுவும் அதே மாடியைக் கேட்டிருந்தான். இரண்டு பேரில் யாருக்கு என்று யோசித்துச் சொல்வதாக லீலா சொல்லியிருந்தாள்.

"ஒழுக்கமான ஆளுக்குத்தாம்ல வீட்டக் குடுப்பாவ," என்றான் நம்பிராஜன். "ஒழுக்கம் எதுல தெரியும்? குப்பைக் கூடையில தெரியும்."

"பெருங்காயம் இருக்காண்ணே?"

அன்றிலிருந்து அந்த அறை தொழிற்சாலையின் கிளை ஆனது. டப்பாக்களில் பெயர்ச்சீட்டு ஏறியது. அடுப்பு நிற்க வேண்டிய இடத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போடப்பட்டது. ஒரு ஆளுக்கு அரை டம்ளர் அரிசி, ஒரு பிடி பயறு. அதற்கு மேல் ஒரு மணி விழாது. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்தான். வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தான். பீர்க்கங்காய்த் தோல் துவையலானது, முள்ளங்கி இலை பொரியலானது, காலிஃபிளவர் தண்டு கூட்டானது. வாழைப்பழத் தோலையும் ஏதோ செய்தான். என்னவென்று கேட்க மணிகண்டபிரபுவுக்குத் தைரியம் வரவில்லை.

ஓட்டலில் ஒரு வேளைக்கு ஆகும் செலவில் மூன்று வேளையும் சத்தாக முடிந்தது. தொப்பை கரைந்து பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வாங்கியது லீலா ஊற்றும் கால் லிட்டர் பால் ஒன்றுதான். அதுவும் வரவரத் தண்ணீராகிக்கொண்டு போனது. மனிதர்களின் பேராசை பற்றி அவன் மணிகண்டபிரபுவிடம் ஒரு மணி நேரம் பேசினான்.

மணிகண்டபிரபுவுக்கு அளவு என்ற ஒன்று பிடிபடவே இல்லை. ஒருவனுக்குச் சமைக்க உட்கார்ந்தால் நான்கு பேருக்கு ஆகிவிடும். மீதி மறுநாள் புளித்துப் போகும்.

மாலையானால் லீலா வாளியோடு பின்பக்கம் வருவாள். நம்பிராஜன் கூடையைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டுவான். அவள் கூடையைப் பார்ப்பாள், அவனைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் நகர்வாள். வாயடைத்துப் போகிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அடுத்த அறையில் அவளே குனிந்து, பழைய சோற்றையும் காய்த்தோலையும் வழித்து வாளியில் போட்டுக்கொள்வாள்.

"வீட்டுக்கார அக்காவே ஒன் எச்சிய அள்ளுதாவ. கூச்சமா இல்லியால ஒனக்கு?"

"நானே கொண்டுபோய்க் கொட்டுதேன்னுதாண்ணே சொன்னேன். விட மாட்டேங்காவ."

நம்பிராஜன் அவனுக்காகப் பரிதாபப்பட்டான்.

மார்கழி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது லீலா சாவியோடு வந்தாள். நம்பிராஜன் தயாராக இருந்தான். கம்பெனி கேன்டீனில் தினமும் வீணான சோற்றின் எடையை எழுதிப் போடுவார்கள். அதே பாணியில் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'அறுபத்தெட்டு நாள். கழிவு: பூஜ்யம்.'

"படிச்சுப் பாருங்கக்கா. ஒரு பருக்கை வெளிய போவல."

"தெரியும் தம்பி. தெனம் நான்தானே பாத்துகினு கீறேன்."

சொல்லிவிட்டுச் சாவியை மணிகண்டபிரபுவின் கையில் வைத்தாள். அவன் அதைத் தவறுதலாக வந்த கூரியர் போலப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நம்பிராஜன் தன் அட்டையை இன்னொரு முறை படித்துப் பார்த்தான். அவன் மாமனாரிடம் ஏற்கெனவே மாடி கிடைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தான்.

"எங்கிட்ட என்னக்கா கொறையக் கண்டிய?"

"கொறையெல்லாம் இன்னா கீது? நீ தங்கமான புள்ள. ஆனா கழனித்தண்ணியில கொழம்பு வைக்கிற, கஞ்சியக் குடிச்சிடுற, தோலக்கூட வுட மாட்டேன்ற. நான் ஓட்டல்ல துன்றவனுக்கு ரூம் வுடாம, பொங்கித் துன்ற பசங்களாப் பாத்து வுடுறது எதுக்குன்ற?"

அவள் காலி வாளியைத் தூக்கிக்கொண்டு போன திசையில் நம்பிராஜன் முதல்முறையாகச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

அங்கே இரண்டு மாடுகள் கட்டிக் கிடந்தன. இரண்டும் இளைத்திருந்தன.