தார் ரோட்டில் பால்குடம்

"முஹ்ஸினா வீட்டுக் கதவுல பூட்டுத் தொங்குது, பார்த்தியா?"

தலையில் பால்குடத்தைப் பிடித்தபடியே பூவம்மா கேட்டாள். பின்னால் வந்த விஜயலெட்சுமியும் பார்த்தாள். பாலத்தை ஒட்டியிருந்த அந்த வீட்டு வாசல் வெறிச்சென்று கிடந்தது.

பதுளைக்குக் கீழே, ஆற்றோரத்தில் இருக்கிற சின்ன டவுன் அது. பங்குனி உத்தரம் என்றால் சுற்றியிருக்கிற தேயிலைத் தோட்டத்துச் சனமெல்லாம் ஆற்றங்கரைக்கு இறங்கிவிடும். குளித்து, குடத்தில் பாலை நிரப்பி, பாலம் தாண்டிக் கோயிலுக்கு நடக்க வேண்டும். வருசா வருசம் பாலத்தடியில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் தேசிக்காய் பிழிந்து தண்ணி கரைத்துக் கொடுப்பவள் தையல்காரி முஹ்ஸினா.

"இந்த வருசம் மேசையும் இல்ல, ஆளும் இல்ல," என்றாள் பூவம்மா. "மனுசங்க மாறிட்டாங்க லெட்சுமி. நம்ம சாமி வர்ற நேரம் பார்த்து வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டாங்க."

விஜயலெட்சுமிக்குச் சுருக்கென்றது. நேற்று மஞ்சள் சட்டையை வாங்கப் போனபோது முஹ்ஸினா கேட்டிருந்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்குப் பாலத்துக்கு வருவீங்க அக்கா? சரியாச் சொல்லுங்க."

"பன்னெண்டு ஆகும் தங்கச்சி," என்று இவளும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டு வந்தாள். எதிரே நின்று வரவேற்கத்தான் கேட்கிறாள் என்றல்லவா நினைத்தாள்.

"என்கிட்டயே நேரத்தக் கேட்டு வச்சிக்கிட்டா, பூவம்மா."

"நான் சொல்லல?"

அதற்கு மேல் அதை நினைக்க விஜயலெட்சுமிக்கு நேரமில்லை. பாலம் முடிகிற இடத்தில் தார் ரோடு தொடங்குகிறது. அங்கிருந்து கோயிலுக்குக் கால் மைல். போன வருசம் வரை அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள் நின்றன. இந்த மாதத்தில் ஊதாப் பூவாகக் கொட்டிக் கிடக்கும். ரோட்டை அகலமாக்க எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். இப்போது பொட்டு நிழல் கிடையாது.

அவள் வலது காலில் சீனி வருத்தத்தால் வந்த புண் ஆறி மூன்று மாதம்தான் ஆகிறது. வீட்டுக்குள்ளே கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்பது கிளினிக் டொக்டரின் கட்டளை.

"அம்மா, நான் தூக்குறேன், நீங்க விடுங்க," என்று மகள் துவாரகா காலையில் கெஞ்சிப் பார்த்தாள்.

"நீ டெங்குக் காய்ச்சலோட ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நேந்துக்கிட்டது நான். நான்தான் தூக்கணும்."

அப்படிச் சொல்லிவிட்டு வந்தவள் பாலத்தின் முடிவில் ஒரு கணம் நின்றாள். வெயில் உச்சியில் நின்றது. தூரத்தில் தார் பளபளத்தது. முருகா என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலை வைத்தாள்.

சுடவில்லை.

அடுத்த காலையும் வைத்தாள். ஜில்லென்று இருந்தது. குனிய முடியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள். ரோடு ஈரமாக இருந்தது. வளைவு வரைக்கும், வளைவுக்கு அப்பாலும், கோயில் வாசல் வரைக்கும் ஈரம்.

"பிரதேச சபையிலருந்து தண்ணி பவுசர் அனுப்பியிருக்காங்க," என்றாள் பூவம்மா. "அவங்களுக்காவது மனசு இருக்கே."

முகம் தெரியாத அந்தப் பவுசர் டிரைவரை விஜயலெட்சுமி வழி நெடுக வாழ்த்திக்கொண்டே நடந்தாள்.

அபிஷேகம் முடிந்தது. துவாரகா அம்மாவை உட்கார வைத்து உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கொப்புளம் இல்லை. விஜயலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. நேராகத் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் கிருஷ்ணராஜிடம் போனாள்.

"தம்பி, பவுசர் டிரைவருக்கு ஒரு பிரசாதம் குடுத்து விடணும். எங்க இருக்காரு?"

"பவுசரா? அது ரிப்பேர்ல கெடக்கு அக்கா. வராதுன்னு நேத்துக் காலையிலயே சொல்லிட்டாங்க."

"அப்ப ரோட்டுல தண்ணி?"

"பவுசர் இல்லாம என்ன செய்றதுன்னு நேத்துக் கடைத்தெருவுல நின்னு பொலம்பிக்கிட்டு இருந்தேன். முஹ்ஸினா அக்கா காதுல விழுந்திருக்கு. இன்னைக்குப் பத்து மணிக்கே ஸலீம் நானாவோட ஆட்டோவுல கேன்களை ஏத்திக்கிட்டு வந்துட்டாங்க. ஆத்துக்கும் ரோட்டுக்குமா பதினஞ்சு நடையாவது இருக்கும். முதல்ல ஊத்தினது காஞ்சிடுச்சி. நீங்க பாலத்துல ஏறுற நேரத்துக்குச் சரியா, மறுபடி கீழருந்து மேல கோயில் வரைக்கும் ஊத்தி முடிச்சாங்க."

விஜயலெட்சுமி ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப அவ எங்க, தம்பி?"

அவன் கோயில் மதிலின் மறுபக்கத்தைக் காட்டினான். மதில் நிழலில் ஆட்டோ நின்றது. ஸலீம் வெறும் கேன்களைக் கட்டிக்கொண்டிருந்தார். முஹ்ஸினா படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் உடுப்பு நனைந்திருந்தது. இரண்டு உள்ளங்கையும் கேன் பிடி அறுத்துச் சிவந்து கிடந்தன.

பந்தலில் ஊற்றிக்கொண்டிருந்த மோரில் ஒரு டம்ளரை நிரப்பிக்கொண்டு விஜயலெட்சுமி ஓடினாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னப் பத்தி நான் என்னென்னமோ நெனச்சிட்டேன் தங்கச்சி."

"அத விடுங்க. கால் சுட்டிச்சா அக்கா?"

"இல்ல தாயி. கொஞ்சங்கூடச் சுடல."

முஹ்ஸினா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். அவள் உதடு வெடித்து வெளுத்துப் போயிருந்தது. விஜயலெட்சுமி டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனாள்.

"மொதல்ல இதக் குடி. தண்ணியிலயே நின்னும் மொகம் இப்பிடி வாடிக் கெடக்கே."

முஹ்ஸினா சிரித்துக்கொண்டே டம்ளரை அவள் பக்கமே மெல்லத் தள்ளினாள்.

"நீங்க குடிங்க அக்கா. எனக்கு இன்னைக்குப் பதினாலாவது நோன்பு."