நோட்டில் இல்லாத படம்

இந்தப் படத்தை எப்போது எடுத்தோம் என்று மசூதுக்கு ஞாபகமே வரவில்லை.

தென்காசியில் ஞானதுரையின் ஸ்டுடியோ மேசையில் இருபத்து நாலு படங்கள் பரப்பிக் கிடந்தன. எல்லாம் போன மாதம் குற்றாலத்துச் சாரலில் எடுத்தவை. அவற்றில் பன்னிரண்டைப் பொறுக்கி ஆல்பத்தில் செருகி, இன்று மாலைத் தபாலில் சேர்த்துவிட வேண்டும். மதராஸில் சினிமா ஒளிப்பதிவு படிக்க இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த ஆல்பத்தைப் பொறுத்தது. கிடைக்காவிட்டால் வீட்டில் வாப்பாவின் தறி இருக்கவே இருக்கிறது.

"இந்த ஒண்ணுதாம்ல படம். மத்ததெல்லாம் சும்மா போட்டோ," என்று ஞானதுரை சொல்லிவிட்டார்.

அவர் லேசில் யாரையும் மெச்சுகிறவர் இல்லை. மசூது அதையே முதல் பக்கத்தில் வைத்தான். வைத்த பிறகுதான் குழப்பம் பிடித்துக்கொண்டது.

படத்தில் அருவிக்கரைப் பாலம். ஒரு ஆள் முதுகைக் காட்டிக் குத்தவைத்திருக்கிறான். தலையையும் தோளையும் குடை மறைத்திருக்கிறது. லென்ஸில் தெறித்த துளிகளால் அருவியின் வெளிச்சம் வட்டம் வட்டமாகக் கலைந்து அவனைச் சுற்றி நிற்கிறது. ஊரே குளித்துக் கும்மாளம் போடுகிற இடத்தில் அந்த ஒருவன் மட்டும் எதற்கோ குனிந்திருக்கிறான்.

யார் இவன்?

நோட்டைப் புரட்டினான். ஒவ்வொரு படத்தையும் எடுத்த கையோடு இடம், நேரம், வெளிச்சம் என்று குறித்து வைப்பது அவன் வழக்கம். அந்த விஷயத்தில் ஆள் புலி. இருபத்து மூன்று படங்களுக்குக் குறிப்பு இருந்தது. இதற்கு இல்லை. சுருளுக்குப் பன்னிரண்டு படம் வரவேண்டிய இடத்தில் இரண்டாவது சுருள் பதினொன்றிலேயே தீர்ந்துவிட்டது என்று, ஃபிலிம் விற்ற கடைக்காரரோடு சண்டை வேறு போட்டுவிட்டு வந்திருந்தான்.

போதாக்குறைக்கு மற்ற இருபத்து மூன்றிலும் மேல் ஓரத்தில் ஒரு கறுப்பு வளைவு. காமிராவில் கோளாறு என்றார் ஞானதுரை. கோளாறு என்றால் இந்த ஒரு படத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தது?

விண்ணப்பத்தின் கடைசி வரி அவனுக்காகக் காத்திருந்தது. 'இப்படங்கள் யாவும் பிறர் உதவியின்றி நானே எடுத்தவை.' அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

அக்கா மெஹர் பானு சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள். குற்றாலத்துக்கும் கூட வந்தவள் அவள்தான். கொழும்பு மாமாவின் காமிரா நனைந்தால் யார் பதில் சொல்வது என்று, உம்மா அவள் கையில் குடையைக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"லாத்தா, இந்த ஆளு யாருன்னு தெரியுதா?"

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"உன் முதுகு உனக்கே தெரியலையாலே? நோட்டு நனைஞ்சிரும்னு குடையைப் பிடுங்கிட்டு, காமிராவை எங்கிட்ட தந்துட்டு, அங்கன உக்காந்து எழுதினேல்லா. நீ செய்யுத மாதிரியே ஒரு தடவை அமுக்கித் திருகி வச்சேன். வீணாக்கிட்டேன்னு நீ ஏசுவியேன்னு சொல்லல."

மற்ற படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தவள், மேல் ஓரத்துக் கறுப்பைத் தொட்டுக் காட்டினாள். "இது நம்ம குடைதாம்லே."

அவன் மறுபடி பார்த்தான். குடைதான். அந்த இருபத்து மூன்றிலும் லென்ஸில் ஒரு துளிகூட விழுந்திருக்கவில்லை.

மசூதுக்கு வெட்கமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவனுக்கே பிடிபடவில்லை.

முதல் பக்கத்துப் படத்தைக் கழற்றி அவளிடமே கொடுத்தான். அந்த இடத்தில் கறுப்பு வளைவு விழுந்த ஒன்றைச் செருகினான். விண்ணப்பத்தில் 'பிறர் உதவியின்றி' என்ற இரண்டு சொற்களையும் கோடு போட்டு அடித்தான். அடித்த விண்ணப்பத்தை மதராஸில் ஏற்றுக்கொள்வார்களா, குப்பையில் போடுவார்களா, தெரியாது. கையெழுத்துப் போட்டான்.

பிறகு நோட்டைத் திறந்து விட்டுப்போன குறிப்பை எழுதினான்.

இடம், பாலம். நேரம், சாயங்காலம் நாலரை. எடுத்தது, மெஹர் பானு.

அவளுக்குக் குடை பிடித்தது என்று அடுத்ததாக எழுதியவன், அப்படியே நிறுத்திவிட்டான்.

அதற்குப் பக்கத்தில் எழுத ஒரு பெயரும் இல்லை.