நீ வெச்சதையெல்லாம் எடு

டிரெய்லரில் ஏற்றியிருந்த சின்னப் படகுக்குள் மனைவி வைத்த புதுப் போர்வையைப் பார்த்ததும் கணவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"தீவு தீவாப் பத்து நாள் சுத்தப் போறோம். நான் எடை பார்த்துப் பார்த்து ஏத்தினா, நீ மூட்டை கட்டி அடுக்கறியா?"

"கடல்ல குளிருமேன்னு..."

"படகைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்? நீ வெச்சதையெல்லாம் ஒண்ணு விடாம எடு!"

கூடப் போகிற நண்பர் காருக்குள் இருந்து சிரித்தார். அவளுக்குக் காது எரிந்தது. வரைபடத்தை விரித்துப் போகிற வழியைக் குறித்ததே அவள்தான். கடைசியில் இடமில்லை என்று அவளையே கழற்றிவிட்டாயிற்று.

பல்லைக் கடித்துக்கொண்டு போர்வையை எடுத்தாள். மருந்துப் பையை எடுத்தாள். படகின் பின்பக்கம் குனிந்து, இன்னொன்றையும் எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"எல்லாம் எடுத்தாச்சா?"

"ஒண்ணு விடாம."

மதியம் போன் அலறியது.

"படகை இறக்கினதுமே தண்ணி குபுகுபுன்னு ஏறுதுடி! கரையிலேயே முழுகிடுச்சு, ஊரே சிரிக்குது! அடி ஓட்டையை அடைக்கற ரப்பர் மூடி எங்க?"

"மழைத்தண்ணி வடியட்டும்னு போன வாரம் அதைப் பிடுங்கினது நீங்க. திரும்ப மாட்ட மறந்ததும் நீங்க. நேத்து மாட்டி வெச்சது நான்."

படகின் பின்பக்கத்திலிருந்து எடுத்த ரப்பர் மூடியை மேசைமேல் டக்கென்று வைத்தாள்.

"நான் வெச்சதையெல்லாம் எடுக்கச் சொன்னீங்களே!"