பெட்ரோல் வாடை

எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்குவதற்காகச் சென்னியப்பன் விட்டிருந்த பழைய காரைத் திறந்து காட்டினார் மெக்கானிக் ரவூப்.

"டேங்க் மூடி ரப்பர் வெடிச்சிருச்சுங்க. பெட்ரோல் ஆவி போற டியூப்பும் கீறல். ஆவியப் பிடிச்சு வெக்கிற கரி டப்பாவும் உடஞ்சிருக்குது. உள்ள உக்காந்தா வாடை குப்புன்னு அடிச்சிருக்குமேங்க?"

சென்னியப்பன் குனிந்து அந்தக் கீறலைப் பார்த்தார். மனைவி சண்முகப்பிரியா இரண்டு வருடமாகச் சொன்னது இதைத்தான். காரில் ஏறினாலே பெட்ரோல் வாடை, தலைவலி என்பாள். மனப்பிரமை என்று அவர்தான் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கி வழிகிறாள். வாடையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

"மோந்து பாருங்க," என்று டியூப்பை நீட்டிய ரவூப், தானே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சென்னியப்பன் மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். ஒன்றுமே இல்லை.

"சாயப்பட்டறைலீங்களா வேலை?" ரவூப் மெல்லக் கேட்டார். "அங்க வேலை பாத்த எங்க மச்சானுக்கும் இப்படித்தான் மூக்கு செத்துப்போச்சுங்க."

சென்னியப்பன் வீட்டுக்குப் போன் போட்டார்.

"பிரியா, டாக்டர்கிட்டப் போவோணும்."

"மாத்திரைய ஒருவேளை கூட உடலீங்க," என்றாள் அவள் பதறிப்போய்.

"உனக்கில்ல கண்ணு. எனக்கு."