கேட்ட விலை

"வேண்டாம் சார். சும்மா கொடுத்தாக்கூட வாங்காதீங்க."

படகுக்கு அடியிலிருந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார் மெக்கானிக். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தியதுதான் தாமதம், ஊறின ரொட்டிக்குள் போவதுபோல் அடிப்பலகைக்குள் இறங்கியிருந்தது.

"பழைய பாய்மரப் படகுன்னா, கண்ணுக்குத் தெரியாத ரிப்பேருக்குன்னு விலையில கால்வாசி தனியா எடுத்து வைக்கச் சொல்வேன். இதுக்கு விலையைப்போல ரெண்டு மடங்கு வேணும்."

வாங்க வந்தவர் படகைப் பார்க்கவே இல்லை. கொட்டகை வாசலில் கைக்குழந்தையோடு நின்றவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன வயசு. புருஷன் போய் நாலு மாசம். இந்தப் படகில் போனவன்தான். நடுக்கடலில் தண்ணீர் ஏறி, பாதி மூழ்கிய படகை மட்டும்தான் இழுத்து வர முடிந்தது.

"அடியில உளுத்துப் போச்சுன்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிடறேங்க" என்றாள். "கேட்டதும் போயிடறாங்க. அதுக்காகப் பொய் சொல்லியா விக்க முடியும்? நீங்க வேணா குறைச்சுக் கேளுங்க."

"குறைக்க வேண்டாம்மா. நீங்க கேட்டதையே தரேன்."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. ஐம்பதைத் தாண்டிய மனுஷன். தனியாக நிற்கிற பெண். உதவி என்ற பேரில் வீட்டுக்குள் நுழைகிறவர்களை அவர் பார்க்காததா?

பணக் கவர் கை மாறியது. அவள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களை மறக்கவே மாட்டேங்க" என்றபோது கண் கலங்கிவிட்டது. வாங்கியவர் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் மெக்கானிக்கால் பொறுக்க முடியவில்லை.

"நானும் பொண்ணைப் பெத்தவன் சார். இனிமே அந்த வீட்டுப் பக்கம் உங்களைப் பார்த்தேன், சும்மா இருக்க மாட்டேன்."

"வர மாட்டேன். நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து அந்தப் படகை உடைச்சுப் போட்டுடுங்க. கூலி தரேன். ஒரு பலகை மிஞ்சக் கூடாது."

"உடைக்கறதுக்கா இவ்வளவு கொடுத்து வாங்கினீங்க?"

நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார் அவர்.

"உளுத்துப் போனது தெரிஞ்சும் மேல பெயிண்டை அடிச்சு, புரோக்கர் மூலமா அவ புருஷன் தலையில அதைக் கட்டினது நான்தாங்க."